ஒடிந்த கோடு: அதிர்வலையும் பலபடிகளும் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

சென்ற மாதம் ஓரிரவு, ஐதராபாத்தில் நான் தங்கியிருக்கும் விடுதியில், பக்கத்து அறைத் தோழி தம் மடிக்கணினியில் ஒரு வரைபடத்தைக் காட்டி, "ஷாக் வேவ் என்பதற்கு உங்கள் மொழியில் என்ன சொல்?" என்று கேட்டார். அவர் வேதியியல் ஆய்வு மாணவி, தெலுங்கர். 'அதிர்வலை' என்றேன். சொன்ன மறுகணமே அச்சொல்லின்மீது எனக்கே ஐயம் எழுந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த வரைபடம்தான் என்னை முதலில் ஈர்த்தது. ஒரு நேர்கோடு சீராக மேலேறிச் செல்கிறது. ஓரிடத்தில் சட்டென ஒடிந்து ஏறத்தாழப் படுத்துவிடுகிறது. சற்றுத் தள்ளி மீண்டும் எழுந்து வேறொரு சாய்வில் ஏறுகிறது. அது பிளாஸ்டிக்கின் ஊடாக அதிர்வலை பாய்ந்தபோது அளக்கப்பட்ட கோடு. "அந்த ஒடிவு இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக், பிளாஸ்டிக்காக இருப்பதை நிறுத்திவிடுகிறது. ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூட ஆகாது" என்றார் தோழி.

அவ்வளவு குறுகிய நேரத்தில், அவ்வளவு வன்மையான அழுத்தத்தில் நடப்பதை யார் பார்த்தார்கள்? யாரும் பார்க்கவில்லையெனில், அங்கே நடப்பது வேதிவினைதான் என்று எப்படிச் சொன்னார்கள்? மொழியியல் முதுகலை முடித்து, இன்று அறிவியல் கலைச்சொற்களின் வரலாற்றை ஆராயும் எனக்கு இக்கேள்வி புதிதன்று. எழுதிவைக்கப்படாத ஒலிகளைப் பற்றி எங்கள் துறையும் இதே வகையில்தான் பேசுகிறது. எனவே ஒரு மாதமாக இவ்வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்தவற்றை இங்கே தொகுத்து வைக்கிறேன். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

1. ஒலிக்கு நேர்ந்த சிக்கல்

ஒலியலை என்பது மெல்லிய அழுத்த மாற்றம். அது தன் ஊடகத்தைப் பெரிதும் மாற்றாமல் கடந்துவிடும். அழுத்தம் மிகுந்த அலையோ அவ்வாறன்று. அது கடக்கும் பொருளை இறுக்குகிறது, சூடாக்குகிறது. இறுகிச் சூடான பொருளில் அலை இன்னும் விரைவாகச் செல்லும். ஆகவே பின்னால் வரும் பகுதி முன்னால் செல்லும் பகுதியை எட்டிப் பிடிக்கிறது. அலையின் முகம் மேலும் மேலும் செங்குத்தாகி, இறுதியில் ஒரு சுவராக நிமிர்ந்துவிடுகிறது. அச்சுவருக்கு இப்பால் இயல்பான அழுத்தம். அப்பால் ஆயிரம் மடங்கோ இலட்சம் மடங்கோ அழுத்தம். இடையில் படிநிலை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. இதுவே அதிர்வலை.

1848-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் இதைக் கணிதத்தில் கண்டார். ஒலியின் சமன்பாடுகளைத் தொடர்ந்து சென்றால், ஒரு கட்டத்தில் தொடர்ச்சி அறுந்து ஒரு தாவல் தோன்றுகிறது என்று எழுதினார். ஆனால் ஆற்றல் அழியாது என்ற விதி அப்போதுதான் வேரூன்றிக்கொண்டிருந்தது. அத்தாவலில் ஆற்றல் காணாமற்போவதாகக் கணக்கு காட்டியது. கெல்வினும் ராலேயும் இதைச் சுட்டிக்காட்டவே, ஸ்டோக்ஸ் தம் கருத்தைக் கைவிட்டார். தம் கட்டுரைகளைத் தொகுத்து மறுபதிப்பிட்டபோது அப்பகுதியையே நீக்கிவிட்டார். உண்மையில் அவர் முதலில் எழுதியதே சரி. காணாமற்போனதாகத் தோன்றிய ஆற்றல் வெப்பமாக மாறியிருந்தது.

இடையில் ரீமான் 1860-இல் இதே தாவலைக் கணித வழியில் ஆராய்ந்தார். ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் 1870-இல் வெப்பத்தையும் கணக்கில் சேர்த்தார். பிரெஞ்சுக் கடற்படைப் பீரங்கிப் பிரிவில் பணியாற்றிய பியர் ஆன்றி யூகோனியோ இதை முழுமையாக்கினார். அவர் 1887-இல் தம் 35-ஆம் அகவையில் இறந்தார். அவருடைய பெரும் கட்டுரை இரு பகுதிகளாக 1887-இலும் 1889-இலும் அச்சேறியது. அதே 1887-இல்தான் எர்ன்ஸ்ட் மாஹும் பேட்டர் சால்ஷரும், ஒலியினும் விரைவாகப் பாயும் துப்பாக்கிக் குண்டின் முன்னால் அதிர்வலை நிற்பதைக் காட்டும் நிழற்படத்தை வெளியிட்டார்கள்.

யூகோனியோவின் கொடை எளிமையானது. சுவருக்கு முன்னும் பின்னும் நிறை, உந்தம், ஆற்றல் ஆகிய மூன்றும் மாறாமல் இருக்க வேண்டும். ஆகவே சுவருக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே, இரண்டு வேகங்களை மட்டும் அளந்தால் பொருளின் அழுத்தமும் அடர்த்தியும் கிடைத்துவிடும். ஒன்று, அலை செல்லும் வேகம். மற்றொன்று, அலை கடந்த பிறகு பொருள் நகரும் வேகம். நெரிசலான ஒரு வரிசையின் கடைசியில் நிற்பவரைத் தள்ளினால், ஒவ்வொருவரும் ஓரடிதான் நகர்வர். தள்ளலோ வரிசையின் முனைக்கு அதைவிட மிக விரைவாகப் போய்ச் சேரும். ஆட்கள் நகர்ந்த வேகம் ஒன்று, தள்ளல் பரவிய வேகம் வேறு. ஒவ்வொரு மோதலுக்கும் இவ்விரு எண்களையும் குறித்து வந்தால், அப்பொருளுக்கே உரிய ஒரு கோடு உருவாகும். என் தோழி காட்டியது அத்தகைய கோடுதான்.

2. அலை முதலில், வேதிவினை பிறகு

அதிர்வலைக்கும் வேதிவினைக்கும் உள்ள உறவு சுரங்கங்களிலிருந்தும் வெடிமருந்துக் கூடங்களிலிருந்தும் தெரியவந்தது. 1881-ஐ ஒட்டி, பிரான்சில் பெர்த்தலோ, வியேய் ஆகியோர் ஒரு பக்கமும், சுரங்க வெடிப்புகளை ஆராய்ந்த மல்லார், லெ ஷாத்தலியே ஆகியோர் இன்னொரு பக்கமும் ஒரே விந்தையைக் கண்டார்கள். குழாயில் அடைத்த எரிவளிக் கலவையில் தீயிட்டால், சுடர் முதலில் நொடிக்குச் சில மீட்டர் என்று ஊர்கிறது. திடீரென நொடிக்குக் கிலோமீட்டர் கணக்கில் பாயத் தொடங்குகிறது. வெப்பம் அடுத்த அடுக்குக்குக் கடத்தப்படுவதால் மட்டும் இவ்வேகம் வராது. இது வேறு வகை எரிதல்.

சாப்மன் 1899-இலும், ஷூகே 1905-ஐ ஒட்டியும் இவ்வேகத்துக்குக் கணக்குத் தந்தனர். ஆனால் உள்ளே நிகழ்வனவற்றின் வரிசை இரண்டாம் உலகப் போரின்போதுதான் தெளிவானது. சோவியத்தில் செல்தோவிச் 1940-இலும், அமெரிக்காவில் ஃபான் நாய்மன் 1942-இலும், செருமனியில் டோரிங் 1943-இலும் ஒருவர் எழுத்தை மற்றவர் சார்ந்திராமல் ஒரே விடைக்கு வந்தார்கள். முன்னே செல்லும் அதிர்வலை பொருளை இறுக்கிச் சூடேற்றுகிறது. அதன் பின்னே, சிறு இடைவெளி விட்டு, வேதிவினை நிகழ்கிறது. அவ்வினை வெளியிடும் ஆற்றல் முன்னே செல்லும் அலையைத் தாங்கிப் பிடிக்கிறது.

அந்தச் சிறு இடைவெளியை நினைவில் வையுங்கள். அலை வேறு, வினை வேறு என்று பிரித்த பிறகுதான், வெடிமருந்தல்லாத பொருள்களிலும் அதிர்வலை வேதிவினையைத் தூண்டுமா என்ற கேள்வியைக் கேட்க முடிந்தது.

3. பலபடிகள் வருகின்றன

பாலிமர் எனப்படும் பலபடிகளுக்கும் அழுத்தத்துக்கும் தொடக்கத்திலேயே ஓர் உறவு உண்டு. 1933 மார்ச்சில், இங்கிலாந்தின் வின்னிங்டனில் ஃபாசெட், கிப்சன் என்ற இருவர், எத்திலீன் வளியையும் பென்சால்டிகைடையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளிமண்டல அழுத்தத்தில் வைத்துச் சூடேற்றினார்கள். எதிர்பார்த்த வினை நிகழவில்லை. கலத்தில் மெழுகு போன்ற வெண்பொருள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதுவே பாலிஎத்திலீன். இன்று நம் கைப்பைகளாகவும் பால் உறைகளாகவும் இருப்பது அழுத்தத்தில் பிறந்த பொருள். அழுத்தத்தை இன்னும் நூறு மடங்குக்கு மேல், அதுவும் ஒரே அடியில் உயர்த்தினால் அதே பொருள் சிதைந்துபோகும் என்பது பின்னாளில் தெரியவந்தது.

பலபடிகளை அதிர்வலை ஆய்வுக்குள் இழுத்து வந்தது அணுகுண்டுத் திட்டம். 1947-இல் லாஸ் அலமாஸில், ஆர்டிஎக்ஸ் என்னும் வெடிமருந்துத் துகள்களைப் பாலிஸ்டைரீனால் பிணைத்து, வடிவாக்கத்தக்க ஒரு கலவையைச் செய்தார்கள். பிளாஸ்டிக்கால் பிணைத்த வெடிமருந்துகளின் தொடக்கம் அது. பிணைப்பியின் வேலை துகள்களை ஒட்டவைப்பதும், தவறி விழும்போது ஏற்படும் அடியைத் தாங்கிக்கொள்வதும் ஆகும்.

அடி என்பது இங்கே ஏட்டளவுச் சொல்லன்று. 1966 சனவரி 17 அன்று ஸ்பெயினின் பலோமாரெஸ் சிற்றூருக்கு மேலே, நான்கு நீரியல் குண்டுகளைச் சுமந்து சென்ற அமெரிக்க விமானம் விபத்துக்குள்ளானது. தரையில் மோதிய குண்டுகளில் இரண்டின் வழக்கமான வெடிமருந்து வெடித்தது. அணுவெடிப்பு நிகழவில்லை, ஆனால் புளுட்டோனியம் வயல்களில் தூவப்பட்டது. 1968-இல் கிரீன்லாந்தின் தூலே அருகே மற்றொரு விபத்து. இவற்றுக்குப் பின்னரே, எளிதில் வெடிக்காத டிஏடிபி என்ற வெடிமருந்தை ஃபுளூரின் கொண்ட பலபடியால் பிணைத்துப் பயன்படுத்தும் வழக்கம் வலுப்பெற்றது. எந்த அடியில் எது வெறுமனே நசுங்கும், எது வினைபுரியும் என்பதை அறியாமல் இருப்பதற்கான விலையை, அந்த வயல்களுக்கு உரியவர்கள் கொடுத்தார்கள்.

இங்கே இன்னொரு பழைய நூலும் துணைக்கு வருகிறது. கேம்பிரிட்ஜின் பௌடனும் யோஃபியும் 1952-இல் வெளியிட்ட நூலில், வெடிப்பு பொருள் முழுவதும் ஒரே சீராகத் தொடங்குவதில்லை என்று காட்டினார்கள். பொருளுக்குள் இருக்கும் நுண்ணிய குமிழ்களும் இடைவெளிகளும் நசுங்கும்போது, ஆங்காங்கே கொதிப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. வினை அங்கிருந்து பரவுகிறது. ஆகவே பிணைப்பிப் பலபடியில் விழும் ஒரு குமிழ்கூடப் பொருட்படுத்த வேண்டியதே.

4. எண்கள் முதலில், விளக்கம் பிறகு

லாஸ் அலமாஸில் அளவீட்டு முறை ஏறத்தாழ இப்படி இருந்தது. வெடிமருந்தால் ஒரு தட்டையான அதிர்வலையை உண்டாக்கி, ஆய்வுப் பொருளின் ஊடாகச் செலுத்துவார்கள். பொருளின் பின்புறத்தில் ஆர்கான் வளி நிரம்பிய மெல்லிய இடைவெளிகள் இருக்கும். அலை வந்து அவற்றை மூடும் கணத்தில் வளி மின்னும். சுழலும் கண்ணாடியைக் கொண்ட ஒளிப்படக் கருவி அம்மின்னலை ஒரு கோடாகப் பதியும். கோட்டின் இடைவெளியை அளந்தால் நேரம் கிடைக்கும். நேரத்திலிருந்து வேகம் கிடைக்கும். ஒரு வெடிப்புக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி. ஆய்வுப் பொருள் ஒவ்வொரு முறையும் சிதறிவிடும்.

பெரும்பாலான உலோகங்களுக்கு இப்புள்ளிகள் நேர்கோட்டில் அமைந்தன. பலபடிகளிலோ, பெரும்பாலானவற்றில், 20 முதல் 30 கிகாபாஸ்கல் அளவில் கோடு ஒடிந்தது. ஒரு கிகாபாஸ்கல் என்பது ஏறத்தாழ 10,000 வளிமண்டல அழுத்தம். அப்படியானால் 20 கிகாபாஸ்கல் என்பது இரண்டு இலட்சம் வளிமண்டலம். நம் காலடியில் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் ஆழத்தில் நிலவும் அழுத்தம். கோடு ஒடிவதற்குப் பொருள், அவ்விடத்தில் பொருளின் பருமன் எதிர்பார்த்ததைவிடத் திடீரெனக் குறைந்தது என்பதாகும். பென்சீன் வளையங்களைக் கொண்ட பாலிஸ்டைரீன் போன்றவற்றில் இச்சுருக்கம் பெரிது. வளையங்கள் அற்ற பாலிஎத்திலீனில் சிறிது.

இந்த அளவீடுகளின் பெருந்தொகுப்பு, ஸ்டான்லி மார்ஷைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1980-இல் நூலாக வெளிவந்தது. பலபடிகள் பற்றி கார்ட்டரும் மார்ஷும் 1970களில் எழுதிய விளக்கமோ, 1995-இல்தான் லாஸ் அலமாஸ் அறிக்கையாக வெளிவந்தது. எண்கள் அச்சேறிப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே அவற்றை அளந்தவர்களின் சொற்கள் அச்சேறின. கலைச்சொல் வரலாற்றைப் படிக்கும் எனக்கு இது சிறிய செய்தியாகப் படவில்லை. அட்டவணையில் ஓர் ஒடிவு எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்துகொண்டிருந்தது. அது எதன் அடையாளம் என்ற வாதமோ கைப்பிரதியாகக் கிடந்தது.

அவர்கள் தந்த விளக்கம் இது. நீண்ட சங்கிலிகளாகவும் தட்டையான வளையங்களாகவும் இருந்த கார்பன் அணுக்கள், அழுத்தத்தில் அண்டைச் சங்கிலிகளோடு குறுக்கே பிணைந்து, நான்முகி வடிவிலான இறுக்கமான முப்பரிமாணக் கட்டமைப்பாகச் சரிந்துவிடுகின்றன. அதாவது பலபடி உடையவில்லை. இன்னும் நெருக்கமாகப் பின்னிக்கொள்கிறது.

இக்கருத்துக்கு வலுவூட்டும் செய்திகள் வேறு திசையிலும் இருந்தன. 1960களில் சோவியத் ஒன்றியத்தில் அதாதூரோவ், கோல்தான்ஸ்கி, திரேமின் முதலானோர், திண்ம நிலையிலுள்ள சில மோனோமர்களின் மீது அதிர்வலையைச் செலுத்தினால் அவை பலபடியாகக் கோத்துக்கொள்வதைக் கண்டிருந்தனர். அதிர்வலை சங்கிலியைக் கட்டவும் வல்லது என்றால், பின்னவும் வல்லதுதானே?

5. ஒடிவை எப்படி வாசிப்பது?

ஒரே ஒடிவுக்கு இரு வாசிப்புகள் நிலவின. ஒன்று, பின்னல். மற்றொன்று, சிதைவு: சங்கிலி அறுந்து, கார்பன் தனியாகத் திரண்டு, எஞ்சிய ஐதரசனும் பிறவும் மீத்தேன் போன்ற சிறு மூலக்கூறுகளாகப் பிரிந்துவிடுகின்றன. இரண்டிலுமே பருமன் குறையும். வேகத்தை மட்டும் அளந்தால் இரண்டையும் வேறுபடுத்த முடியாது.

வேறுபடுத்த ஒரு வழி, சிதறியதை மீட்டெடுத்துப் பார்ப்பது. 1980களின் இறுதியில் லாஸ் அலமாஸில் மோரிஸும் உடன் பணியாற்றியோரும், பாலிஎத்திலீனை உறுதியான உலோகக் கலங்களுக்குள் அடைத்து அதிர்வலைக்கு உட்படுத்தினார்கள். பின்பு கலத்தைத் திறந்து, வெளிவந்த வளிகளையும் எஞ்சிய கார்பனையும் ஆராய்ந்தார்கள். பாலிஎத்திலீன் சிதைந்திருந்தது.

அவர்கள் கண்ட மற்றொரு செய்தியை நான் இருமுறை படித்தேன். ஒரே அடியில் ஓர் அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் சிதையும் பாலிஎத்திலீன், பல சிறு அடிகளாகப் படிப்படியாக ஏற்றினால் அவ்வழுத்தத்தில் சிதைவதில்லை. அதைவிட மிக உயர்ந்த அழுத்தத்தில்தான் சிதைகிறது. ஒரே அடியில் ஏறும்போது பொருள் மிகுதியாகச் சூடாகும். படிப்படியாக ஏறும்போது இறுதி அழுத்தம் அதே அளவாயினும் சூடு குறைவு. ஆகவே சங்கிலியை அறுப்பதில் அழுத்தத்தோடு வெப்பமும் தலைமைப் பங்கு வகிக்கிறது. எவ்வளவு அழுத்தினோம் என்பது மட்டும் போதாது, எவ்வழியாக அங்கே போய்ச் சேர்ந்தோம் என்பதும் விடையை மாற்றுகிறது. நுரை வடிவப் பலபடிகள் திண்மப் பலபடிகளைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே வினைபுரிவதற்கும் இதுவே காரணம். நுரையின் இடைவெளிகள் நசுங்கும்போது சூடு பன்மடங்கு ஏறுகிறது.

இயந்திர அடி எப்படி வேதிப் பிணைப்பின் முறிவாக மாறுகிறது என்பதற்கு, டானா டிலாட்டும் மைக்கேல் ஃபேயரும் 1990-இல் ஒரு விளக்கம் தந்தனர். அவர்கள் சிந்தித்தது வெடிமருந்துப் படிகங்களைப் பற்றி. ஆயினும் அச்சிந்தனை பலபடிகளுக்கும் துணைபுரிகிறது. அதிர்வலை முதலில் மூலக்கூறுகளை முழுமுழுதாக ஒன்றன்மீது ஒன்று தள்ளுகிறது. அந்த ஆற்றல் நேரே வேதிப் பிணைப்புக்குள் நுழைவதில்லை. மூலக்கூறின் மெதுவான வளைவு நெளிவுகள் வாயிற்கதவு போல அதை உள்வாங்கி, படிப்படியாக விரைவான அதிர்வுகளுக்கு ஏற்றிவிடுகின்றன. பிணைப்பின் நீட்சி அதிர்வுகள் போதிய அளவு நிரம்பியபின் பிணைப்பு முறிகிறது. இந்த ஏற்றம் நிகழும் கால அளவு பிக்கோநொடிகள்; அதாவது ஒரு நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கைப் பத்துப் பத்தாக எண்ணும் அளவு.

இந்நேரத்தில் என் ஆசிரியர்கள் நடத்திய ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. 1879 என்ற ஆண்டைத் தாங்கிய ஒரு நூலில், இருபத்தொரு வயது ஃபெர்டினான்ட் டி சசூர், இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் உயிர்மாற்றங்களில் சில ஒடிவுகளைக் கண்டார். எந்த மொழியிலும் எஞ்சாத சில ஒலிகள் ஒருகாலத்தில் இருந்திருந்தால்தான் அவ்வொடிவுகள் விளங்கும் என்றார். பலர் ஏற்கவில்லை. கேட்காத ஒலிக்குச் சான்று ஏது? 1915-இல் ஹிட்டைட் மொழி இந்தோ-ஐரோப்பிய மொழி என்று உறுதியானது. 1927-இல் குரிலோவிச், ஹிட்டைட் களிமண் பலகைகளில் உள்ள ஓர் எழுத்து, சசூர் கணித்த இடங்களில் அமர்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். அப்போது சசூர் இறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒடிவைக் காண்பது ஓர் அறிவு. ஒடிவுக்குப் பெயரிடுவது இன்னோர் அறிவு. அப்பெயர் சரிதான் என்று காட்டும் பலகை எங்கோ புதைந்து கிடக்கிறது. அதிர்வலை வேதியியலில் அந்தப் பலகை கிடைக்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

6. பலகை கிடைத்தது

காத்திருப்பு நீண்டதற்குக் கருவிகளின் குறை ஒரு காரணம். மறைபொருள் காப்பு மற்றொன்று. வெடிமருந்து வெடிக்கும்போது அதிலுள்ள கார்பன் நுண்ணிய வைரத் துகள்களாகத் திரளும் என்பதை 1963-இலேயே உராலிலுள்ள ஸ்நெஜின்ஸ்க் ஆய்வகத்தில் கண்டுவிட்டனர். அவ்வூர் வரைபடத்தில் இல்லாத மூடப்பட்ட நகரம். செய்தி வெளியே வரவில்லை. 1980களில் சோவியத் ஒன்றியத்திலேயே பிறர் அதை மீண்டும் கண்டறிந்தனர். அமெரிக்க ஆய்வாளர்கள் 1988-இல் அதைப் பற்றி நேச்சர் இதழில் எழுதினார்கள். ஒரே வைரத்தை உலகம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை புதிதாகக் கண்டது.

இதற்கிடையில் 1981-இல் மார்வின் ராஸ் என்ற இயற்பியலாளர், யுரேனஸ், நெப்டியூன் ஆகிய கோள்களின் உள்ளே மீத்தேன் சிதைந்து வைரம் உருவாகக்கூடும் என்று எழுதினார். அவர் சான்றாகக் கொண்டவற்றுள் ஐதரோகார்பன்களின் அதிர்வலை அளவீடுகள் இருந்தன. குண்டுக்காக எடுத்த எண்கள் கோள்களின் உள்ளமைப்பைப் பற்றியும் பேசத் தொடங்கின.

2009-இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு அருகே, சில ஃபெம்டோநொடிகளே நீடிக்கும் எக்ஸ்-கதிர்த் துடிப்புகளைத் தரும் கருவி இயங்கத் தொடங்கியது. ஒரு ஃபெம்டோநொடி பிக்கோநொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அணுக்கள் நகர்வதற்குள் படம் எடுத்துவிடலாம். செருமானிய ஆய்வாளர் டொமினிக் கிராவுஸ் தலைமையிலான குழு, அங்கே பாலிஸ்டைரீன் படலத்தின்மீது லேசரைப் பாய்ச்சி இரண்டு அதிர்வலைகளை அடுத்தடுத்து அனுப்பியது. இரண்டாவது அலை முதலாவதை எட்டிப் பிடிக்கும் கணத்தில், ஏறத்தாழ 150 கிகாபாஸ்கல் அழுத்தத்திலும் 5,000 கெல்வின் வெப்பநிலையிலும், எக்ஸ்-கதிர்ச் சிதறலில் வைரத்துக்கே உரிய கோடு தோன்றியது. நானோமீட்டர் அளவுள்ள வைரத் துகள்கள். முடிவு 2017-இல் வெளிவந்தது. 2022-இல் அதே வழியில், குடிநீர்ப் புட்டிகள் செய்யும் பெட் பிளாஸ்டிக்கிலும் வைரம் காணப்பட்டது. அதிலுள்ள ஆக்சிசன், கார்பனும் ஐதரசனும் பிரிவதற்குத் துணைசெய்கிறது என்றும் அவ்வாய்வு காட்டியது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இவ்வழுத்தங்கள் அந்த ஒடிவு நிகழும் 20–30 கிகாபாஸ்கலைவிடப் பன்மடங்கு உயர்ந்தவை. ஒடிவுக்கு மேலே எல்லாம் வைரம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதிர்வலையின் வாழ்நாளுக்குள், அந்த நானோநொடிகளுக்குள், கார்பன் சங்கிலியை விட்டுப் பிரிந்து தனியே திரள நேரம் போதும் என்பது கண்ணால் கண்டதாயிற்று. ஒடிவு இருக்கும் இடத்தைப் பற்றியோ, லாஸ் அலமாஸின் டானா டாட்டல்பாமும் ஜோஷுவா கோவும் பழைய அளவீடுகளையும் புதிய அளவீடுகளையும் சேர்த்து, அது கார்பனும் சிறு மூலக்கூறுகளுமாகச் சிதையும் மீளாத வினை என்ற விளக்கத்தை 2019-இல் விரிவாக முன்வைத்தனர்.

அப்படியானால் கார்ட்டரும் மார்ஷும் தவறிவிட்டார்களா? முழுத் தவறு என்று சொல்ல எனக்கு மனமில்லை. வேதிப் பிணைப்பே மாறுகிறது என்று அவர்கள் கண்டது சரி. வைரத்தில் கார்பன் நான்முகி வடிவில்தான் பிணைந்திருக்கிறது. அவர்கள் கற்பனை செய்த வடிவம் அதுவே. சங்கிலிகள் ஒன்றாக இருந்தபடியே அவ்வடிவை அடையும் என்று நினைத்தார்கள். கார்பன் சங்கிலியைத் துறந்துவிட்டு அதை அடைகிறது. ஸ்டோக்ஸ் சரியானதை எழுதிவிட்டுத் தாமே அழித்தார். இவர்கள் பாதி சரியானதை எழுதினார்கள். அது வெளிவரவே காலம் பிடித்தது. இரண்டில் எது அறிவுக்கு அதிகக் கேடு என்று கேட்டால், இரண்டாவது என்பேன். அச்சில் வந்த பிழையை அடுத்தவர் திருத்திவிடுவார். மேசையறைக்குள் கிடப்பதை யார் திருத்துவது?

7. மீண்டும் சொல்லுக்கு

தொடக்கத்தில் சொன்ன ஐயத்துக்கு வருகிறேன். 'அதிர்' என்ற வினை மீண்டும் மீண்டும் நடுங்குவதைக் குறிக்கிறது. பறை அதிரும், நிலம் அதிரும். அதிர்வலையின் முகமோ நடுங்குவதில்லை. ஒரே ஒரு முறை மோதுகிறது. பிரெஞ்சில் 'ஷோக்' என்றால் மோதல். செருமானியத்தில் 'ஷ்டோஸ்' என்றால் தள்ளல், இடி. நம் சொல்லில் அந்த ஒற்றை அடி இல்லை. போதாக்குறைக்கு, நம் நாளிதழ்களில் அரசியல்வாதி ஒருவர் கட்சி மாறினாலும் அதிர்வலைதான் எழுகிறது.

வேறு சொல் ஆக்கலாமா என்று முயன்றேன். மோதல் அலை என்பதைச் சுருக்கினால் 'மோதலை' ஆகிறது. உடனே அது 'மோதல்' என்ற பெயரின் இரண்டாம் வேற்றுமையாகப் படிக்கப்படுகிறது. 'தாக்கலை', 'உந்தலை' எல்லாவற்றுக்கும் இதே கதி. பலபடிக்கும் நம்மிடம் ஒரே சொல் இல்லை. தமிழகத்தில் பலபடி, பல்லுறுப்பி, இலங்கையில் பல்பகுதியம். கண்ணால் காண இயலாத ஒன்றுக்குச் சரியான பெயரிடுவது ஆய்வகத்தில் மட்டும் கடினமான வேலையில்லை போலும்.

இப்பதிவை எழுதி முடித்தபோது தோழி மீண்டும் வந்து, "சொல் கிடைத்ததா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். "பரவாயில்லை, நாங்களும் அந்த ஒடிவோடு பல பத்தாண்டுகள் இருந்தோம்" என்று சொல்லிச் சிரித்தார்.

நல்ல சொல் தோன்றினால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். வேதியியல், இயற்பியல் அறிந்த நண்பர்கள் பிழை கண்டால் தயங்காமல் திருத்துங்கள். அச்சில் வந்த பிழையை அடுத்தவர் திருத்திவிடுவார் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன்.